துரு செய்த படம்

அவனை எல்லோரும் துரு என்றுதான் கூப்பிட்டார்கள். பேர் வைத்தவள் அண்ணி. அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. முகம் முழுக்கப் பரு. ஆறிய இடமெல்லாம் குழி.

"என்ன தம்பி, முகத்தை மழையில மறந்து வெச்சுட்டீங்களா? துரு பிடிச்சிருக்கு" என்றாள்.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதோடு சொந்தப் பேர் போயிற்று.

பிற்பாடு அவன் ஒரு பழம்பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பூட்டு, மரப்பெட்டி, உடைந்த கடிகாரம் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து, கணினியில் திருத்தி, விற்பனைக்கு ஏற்றுவது அவன் வேலை. "பழசு பழசாத் தெரியணும், அழுக்காத் தெரியக் கூடாது" என்பார் முதலாளி. அது அவனுக்குக் கை வந்தது. ஒரு பக்கமாக விளக்கை வைத்து எடுப்பான். நிறத்தைக் கொஞ்சம் வடியவிட்டு, நிழலை அழுத்தி, ஒவ்வொரு விரிசலின் ஓரத்திலும் தனித்தனியாக வெளிச்சம் பூசுவான். திரையில் தெரியும் துருவைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டும் போலிருக்கும்.

அடுத்த கடையில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அவனைப் பிடித்திருந்தது. ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்தான். தேநீர் கொண்டுவந்த அண்ணி, "ரொம்பக் கிட்ட உக்காராதம்மா, வெள்ளைச் சட்டையில கறை ஒட்டிக்கும்" என்றாள். அந்தப் பெண் வாயைப் பொத்துவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. தெருமுனை வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.  அதன் பிறகு அவன் அவளோடு பேசவே இல்லை. அண்ணன் வீட்டு மாடி அறையிலேயே தனிக்கட்டையாகத் தங்கிவிட்டான்.

அண்ணிக்கு ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. பவுடரும் தலைச்சாயமும் இல்லாமல் வாசல் தாண்டமாட்டாள். வருஷங்கள் ஓடி, அவள் ஓய்வு பெறும் நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. கூடத்தில் மாட்டப் பெரிய படம் ஒன்று வேண்டும் என்று அவளே கேட்டாள்.

"நீங்கதான் இதுல கைதேர்ந்தவராச்சே தம்பி. நல்லாப் பண்ணிக் குடுங்க."

ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தான். கடைக் கணினியில் திறந்து பார்த்தபோது வாயோரம் பவுடர் விரிசல் விட்டிருந்தது. விளையாட்டாக நிழலை அழுத்தினான். கண்ணுக்குக் கீழே மடிப்புகள் எழுந்தன. அப்புறம் கை நிற்கவில்லை. கழுத்துச் சுருக்கம், வகிட்டில் சாயம் ஏறாத வேர், மேலுதட்டு மயிர் என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடிக் கூர்மையாக்கினான். ஒன்றைக்கூட இட்டுக்கட்டவில்லை. இருந்ததையெல்லாம் வெளியே கொண்டுவந்தான். அவ்வளவு நன்றாக அவன் எதையும் செய்ததில்லை.

விருந்தினர் நடுவே அண்ணன்தான் படத்தைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தான்.  யாரோ இருமினார்கள். அண்ணன் படத்தையும் பெண்டாட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தான்.

"இத்தனை வருஷம் இவகூடவா குடும்பம் நடத்துனேன்!"

மற்றவர்களும் சிரித்தார்கள். அண்ணி, "கேக்கு வெட்டலாமா?" என்றாள்.

துரு எதிர்பார்த்தது அந்த ஒருநாள் அவமானத்தைத்தான். அண்ணன் அதோடு விடவில்லை. படத்தைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினான். காலையில் அதற்கு வணக்கம் சொன்னான். குழம்பில் உப்பு கூடினால் படத்திடம் புகார் செய்தான். நண்பர்கள் வந்தால், "நேர்ல கொஞ்சம் பரவால்லல்ல?" என்று கேட்டான். அண்ணி சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். பவுடர் போடுவது நின்றது.

துருவுக்குத் தாங்கவில்லை. சுருக்கமெல்லாம் நீவிய இன்னொரு படம் அச்சிட்டுக் கொண்டுவந்தான்.

"இது யாருடா? எவளோ ஊர்பேர் தெரியாதவ. அதுவே இருக்கட்டும்" என்றான் அண்ணன்.

நாற்காலி போட்டு ஏறிப் பழைய படத்தைக் கழற்றப் போன துருவின் கையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். முழங்கையில் தோல் பெயர்ந்தது.

அண்ணிதான் ஈரத்துணியால் ரத்தம் துடைத்தாள்.

"அன்னிக்கு அந்தத் தையக்காரப் பொண்ணு சிரிச்சப்போ எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு தம்பி. பொய் சொல்ல மாட்டேன். இதைச் செய்யும்போது உங்களுக்கும் அப்படித்தானே இருந்துச்சு?"

"இல்ல அண்ணி."

"பின்ன?"

"உங்க நெனப்பே வரல. பூட்டு, பொட்டி மாதிரி… வேலையாத்தான் செஞ்சேன்."

துணியை அவன் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அதுக்கு நீங்க சந்தோஷப்பட்டுச் சிரிச்சிருந்தாலே தேவலை."

அந்த வாரமே இரண்டு பைகளோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு நாளில் வந்துவிடுவாள் என்றான் அண்ணன். மாதம் ஒன்று போனதும், "நீ கெடுத்தது, நீயே கூட்டிட்டு வா" என்று துருவை விரட்டினான்.

கதவைத் திறந்த தங்கை, "அக்கா தூங்குறாங்க" என்றாள். உள்ளே அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"தூங்கட்டும்" என்றான் துரு. தங்கை கதவைச் சாத்தினாள்.

அவன் அண்ணன் வீட்டுக்குத் திரும்பவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு அறை பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறான்.