மேல்வரிசைப் பல்

மருந்துக்கடையில் யாரோ கிராம்புத் தைலக் குப்பியைத் திறந்தார்கள். எனக்கு இது எத்தனையாவது ஊரோ. ஓரிடத்தில் இருக்கத் தெரியாத கால்கள். வாங்க வந்ததை மறந்து அந்த வாடைக்குள்ளேயே நின்றுவிட்டேன். தாமிரபரணிக்கரை வீடு. கன்னத்தில் தைலப் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு என் மனைவி. அவளுக்குப் பத்தொன்பது வயது.

எங்கள் தெருவில் பல் விளக்குவது ஆண்களுக்குத் திருவிழா. வேப்பங்குச்சியோடு ஆற்றுக்குப் போனால் படித்துறையில் உட்கார்ந்து ஊர்க்கதை முழுவதையும் மென்று துப்பிவிட்டுத்தான் வருவோம். பெண்கள் பல் விளக்குவதை யாரும் பார்க்கக் கூடாது. விடியுமுன் கிணற்றடியில் ஒரு சிட்டிகை உமிக்கரி, இரண்டு இழுப்பு, ஒரு கொப்பளிப்பு. அதற்குள் அடுப்பு கூப்பிட்டுவிடும். என் பல்லெல்லாம் கெட்டியாக இருக்க அவளுக்கு மட்டும் ஏன் வலி என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

அவள் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவள். விளக்கு வைக்கிற நேரத்தில், தபாலில் வரும் பத்திரிகையை எனக்கு வாசித்துக் காட்டுவாள். நடுநடுவே சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே தாலுகா ஆபீஸிலிருந்து வேகமாக நடந்து வருவேன்.

கல்யாணமான இரண்டாம் வருடம் மேல்வரிசையில், முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் கறுத்தது. என் அம்மா கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு வாயில் புகை பிடிக்கச் சொன்னாள். பல்லில் இருக்கும் புழு செத்து விழுமாம். இருமிக் கண் சிவந்து எழுந்தவள் என்னிடம் வந்து, "புழுவெல்லாம் வீட்டைக் காலி பண்ணிட்டாம். வலிதான் போக மாட்டேங்கு" என்றாள். பிறகு மெல்ல, "பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில ஒரு நிமிசத்துல பிடுங்கிருவாங்க. கூட்டிட்டுப் போறீங்களா?"

அம்மா குறுக்கே வந்தாள். "மேல்பல்லுக்கும் கண்ணுக்கும் நரம்பு ஒண்ணுல்லா. பிடுங்குனா பார்வை போயிரும்."

"என்கூடப் படிச்சவளுக்கு மேல்பல்லு ரெண்டு எடுத்தாச்சு அத்தை. இன்னைக்கும் அவ ஊசியில நூல் கோக்குதா."

நான் அம்மா பக்கம் சாய்ந்தேன். அவள் கண் போனால் எனக்கு யார் வாசிப்பார்கள்? அந்தப் பயம்தான். "வேண்டாம்ட்டி. கண்ணு முக்கியம்."

"கண்ணு போனா உங்க மூஞ்சியைப் பாக்காம நிம்மதியா இருப்பேன்" என்றாள்.

முதலில் முறுக்கு போயிற்று. பிறகு பொங்கல் கரும்பு, பானைத் தண்ணீரின் குளிர்ச்சி, இடப்பக்கம் படுத்துத் தூங்குவது. பிறகு சிரிப்பு முந்தானைக்குப் பின்னால் போனது. வாய் நாறுகிறதோ என்று என்னைவிட்டு எட்டி உட்காரத் தொடங்கினாள். ஒரு நாள் பத்திரிகையை என் மடியில் வைத்து, "நீங்களே வாசிங்க" என்றாள். கண்ணைக் காப்பாற்றி வைத்திருந்தேன். வாசிப்பு போய்விட்டது.

மூன்று வருடம் அப்படியே கழிந்தது. எனக்குக் கொழும்பில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஒரு மாசி மாதம், நான் புறப்பட மூன்று நாள் இருக்கையில், அவள் அந்தப் பள்ளித் தோழியோடு வண்டி கட்டிக்கொண்டு ஆற்றுப்பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்துவிட்டாள். அம்மா அவளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, விரலை நீட்டி, "எத்தனை?" என்றாள்.

பஞ்சைக் கடித்தபடியே சொன்னாள்: "ரெண்டு விரலு அத்தை. நகத்துல மஞ்சள் ஒட்டியிருக்கு."

மறுநாள் சாயங்காலம் அவளே பத்திரிகையை எடுத்தாள். சில எழுத்துகள் அந்த ஓட்டை வழியே விசிலடித்தன. அதற்கே சிரித்தாள். அடுத்த நாளும் வாசித்தாள். அடுத்து வந்த ஐப்பசியில் ஊரெல்லாம் அடித்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. தந்தி கிடைத்து நான் கப்பல் ஏறுமுன் எல்லாம் முடிந்திருந்தது. ஆக, என்னிடம் மிச்சமிருப்பது இரண்டு சாயங்காலங்களும் ஒரு ரயிலடியும்.

தூத்துக்குடி ரயில். நான் ஜன்னலோரம், அவள் பிளாட்பாரத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில். வண்டி அசைந்ததும் வியர்வையைத் துடைப்பவன்போலத் துண்டை முகத்துக்குக் கொண்டுபோனேன். பழக்கத்தில் அவள் கை முந்தானையோடு வாய்க்குப் போயிற்று. பாதியில் நின்றது. கீழே இறங்கியது. ஓட்டை தெரிய, அத்தனை பேரும் பார்க்கச் சிரித்துக்கொண்டே வண்டியோடு நாலு எட்டு நடந்து வந்தாள்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. துண்டுக்குள்ள அழுதீங்கல்லா, அதுவரைக்கும் தெரியுது. பொங்கலுக்கு வாங்க, கரும்பு கடிச்சுக் காட்டுதேன்."