காயாத பிள்ளை

என் மனைவி எங்கள் ஊர் நர்சம்மா. மரக்காணத்து உப்பளங்களைச் சுற்றியிருக்கும் வீடுகளுக்குத் தடுப்பூசி போட்டும், கர்ப்பிணிகளின் எடை பார்த்துமே பல வருடம் ஓடிவிட்டது. பிரசவ அறையில் நின்று பிள்ளையைக் கையில் வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக செல்போன் வழியாக ஒரு பயிற்சி படித்தாள். கடைசியில் வீடியோவில் செய்முறைத் தேர்வு. தேறினால் பிரசவ அறை. இல்லையென்றால் மறுபடி எடை மிஷின்.

தேர்வுக்கு மூச்சு விடாமல் பிறந்த ஒரு குழந்தையும், பதறும் ஒரு அப்பாவும் வேண்டுமாம்.

"குழந்தைய செஞ்சிடலாம். அப்பாவுக்கு நீங்க இருக்கீங்க. நடிக்கக்கூட வேணாம்," என்றாள்.

குத்தல்தான். எங்கள் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மயங்கி விழுந்து, பெற்றவளுக்கு முன்னால் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டவன் நான்.

குழந்தை செய்யும் பொறுப்பையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று இறங்கினேன். மகளின் பழைய பொம்மைத் தலை, தலையணை உறையில் தைத்த உடம்பு. உள்ளே அரிசி போடச் சொல்லியிருந்தாள். உப்பளத்து மேஸ்திரியான நான் எதற்கு அரிசியைப் பாழாக்க வேண்டும்? அன்று காலையில் பாத்தியிலிருந்து வாரிக் கரையில் குவித்த உப்பை அள்ளிக் கட்டினேன். தூக்கினால் அசல் பிள்ளைக் கனம். மூக்குகூட என் சாயல் என்று தோன்றியது.

வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால் உப்பளத்துக் கொட்டகையில் மேசை போட்டு, செல்போனை மூட்டைமேல் சாய்த்தோம். திரையில் சென்னையிலிருந்து தேர்வு நடத்தும் மேடம் வந்தார்.

"குழந்தை பொறந்திடுச்சு. அழல. ஆரம்பிங்க சிஸ்டர்."

முதலில் பிள்ளையை ஈரம் போகத் துடைக்க வேண்டும். பிறகு ஈரத்துணியை வீசிவிட்டுக் காய்ந்த துணியில் போட வேண்டும். அதன்பிறகுதான் மூச்சு கொடுப்பது. துடைத்தாள். துணி நனைந்தது. கொண்டுவந்திருந்த இன்னொரு துணியும் நனைந்தது. வாரிய உப்பு நாள்கணக்கில் தண்ணீர் வடிக்கும் என்று வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் நான். பிள்ளை மேசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க போட்டீங்க உள்ள?" பல்லைக் கடித்தபடி கேட்டாள்.

"உப்பு."

"எந்த உப்பு?"

"காலைல வார்னது."

அவள் பார்த்த பார்வையில் எனக்கும் தண்ணீர் வடிய ஆரம்பித்தது.

"சிஸ்டர், டைம் போவுது," என்றார் மேடம்.

"ஏங்க, காஞ்ச துணி குடுங்க."

தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தேன். நனைந்தது. சட்டையைக் கழற்றினேன். அது ஏற்கெனவே வியர்வையில் தொப்பல்.

"காஞ்சதுங்க."

கொட்டகையில் காய்ந்த துணி ஒன்றுதான் மிச்சம். லுங்கியை அவிழ்த்து நீட்டிவிட்டு, கோடு போட்ட டிராயரோடு நின்றேன். "புள்ள பொழைக்குமா, புள்ள பொழைக்குமா" என்று நான் அழுததாக அவள் சொல்கிறாள். உப்பு மூட்டைக்காக. எனக்கு ஞாபகமில்லை.

அவள் லுங்கியை நாலாக மடித்துப் பிள்ளையை அதன்மேல் போட்டாள். பொம்மை முகத்தில் மாஸ்க்கை வைத்துக் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "பயப்படாதீங்க. அப்பிடியே உக்காருங்க. தலைய குனிஞ்சு மூச்சு விடுங்க. புள்ளைய நான் பாத்துக்கறேன்."

உட்கார்ந்தேன். நிஜமாகவே மூச்சு வந்தது. பிள்ளைக்கல்ல, எனக்கு.

மேடம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவசரத்துல எந்த வூட்டுல காஞ்ச துணி ரெடியா இருக்கும்? இருந்தத வெச்சு சமாளிச்சீங்க. பதறின ஆளையும் உக்கார வெச்சீங்க. பாஸ், சிஸ்டர். நல்லா நடிக்கிறாரே, யாரு அவரு?"

"எங்க வூட்டுக்காரரு மேடம். நடிக்கத் தெரியாது அவருக்கு."

இப்போது அவள் பிரசவ அறையில் இருக்கிறாள். அந்த வீடியோ அடுத்த வகுப்புகளுக்குப் பாடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் கோட்டக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு நர்சம்மா என் முகத்தையும் லுங்கியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் லுங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்கண்ணே," என்றார். "அப்பிடியே உக்காருங்க."