இல்லைன்னு போட்டிரவா அப்பா

எங்கள் நாய்க்கு முதல் வலிப்பு வந்தது ஒரு மதிய நேரத்தில். திரேஸ்புரத்தில் வலைக்கயிறும் மிதவையும் விற்கிற கடை எனக்கு. சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். மாடிப்படிக்கு அடியில் குளிர்ந்த தரையில் படுத்திருந்த நாய், ஓடுவதுபோல் கால்களை உதைக்கத் தொடங்கியது. கனவு காண்கிறது என்று நினைத்தேன். பிறகு வாயோரம் நுரை தள்ளியது. தலை பின்னுக்கு வளைந்தது. தரையில் மூத்திரம் பரவியது. என் மனைவி சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

உதைப்பு நின்று அது எழுந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. வாலை ஆட்டவில்லை. முன்பின் அறியாத ஆட்களைப் பார்ப்பதுபோல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு சுவரை உரசிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தது. நாற்காலியில் முட்டியது, நின்றது, மறுபடி நடந்தது.

அது எங்கள் மகளின் நாய். சென்னையில் வேலை கிடைத்ததும் அவள் வாங்கிய லாப்ரடார். கல்யாணம் ஆகிப் புகுந்த வீட்டுக்குப் போகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அதற்கு இன்ஷூரன்ஸ் போட்டிருந்ததும் அவள்தான். நாய்க்கு எதற்கு இன்ஷூரன்ஸ் என்று நான் அப்போது சிரித்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் அதைப் பரிசோதித்த பெண் டாக்டர் நிதானமாகச் சொன்னார். "வலிப்புதான். ஏன் வருதுன்னு இப்பவே சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தாம கொடுங்க. ஒண்ணு மட்டும் கவனம் சார். ஃபிட்ஸ் முடிஞ்சு எந்திரிக்கும்போது அதுக்கு யாரையும் அடையாளம் தெரியாது. கிட்ட போயிராதீங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவில் மனைவி என் காதோடு சொன்னாள். "பிள்ளைட்ட சொல்லாண்டாம். இந்த நேரத்துல பயந்துக்கிடுவா. தெருவுலயும் மூச்சு விடாதீங்க. வாயில நுரை தள்ளுச்சுன்னு தெரிஞ்சா வெறி புடிச்ச நாயின்னு அடிச்சே கொன்னுருவானுவ."

மகள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். முந்தைய முறை உண்டானது தங்கவில்லை. அதனால் அவளிடம் எதைச் சொல்வதற்கும் மனைவி அஞ்சினாள். தெருவைப் பற்றி அவள் சொன்னதும் மிகையில்லை. படகுத்துறைப் பக்கம் ஒரு நாயை அப்படிக் கட்டையால் அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். சரி என்று தலையாட்டினேன்.

மாத்திரைக்கு வலிப்பு கொஞ்ச நாள் கட்டுப்பட்டது. ஆனால் நாய் மாறிவிட்டிருந்தது. தண்ணீர் ஓயாமல் குடித்தது. கடைக்குக் கூட்டிப்போனால் கல்லாவுக்குக் கீழே படுத்து, வருகிற ஆட்களை இமைக்காமல் பார்த்தது. கயிறு வாங்க வந்த படகுக்காரர் ஒருவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "அண்ணாச்சி, உங்க நாய் ஒரு மாதிரியால்லா பாக்கு?"

"வயசாவுதுல்லா," என்றேன்.

அடுத்த வலிப்பின்போது மனைவி பொறுக்கமாட்டாமல் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அடங்கி எழுந்ததும் அது அவள் மணிக்கட்டைக் கவ்வியது. குரைக்கவில்லை, உறுமவில்லை. கவ்விய பிடியை விடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தானாகவே விட்டுவிட்டு மூலையில் போய்ப் படுத்தது. சற்று நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் வந்து அதே கையை நக்கியது. அதற்குத் தடுப்பூசி போட்டுத்தான் இருந்தது. இருந்தாலும் ஊருக்கு மறுகோடியில், எங்களைத் தெரியாத ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். வீடியோ காலில் மணிக்கட்டில் போட்டிருந்த கட்டைப் பார்த்து மகள் கேட்டபோது, அரிவாள்மணை பட்டுவிட்டது என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அப்படி இருக்கையில்தான் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"அப்பா, நாய் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கணும். புதுசா ஏதும் சீக்கு உண்டான்னு கேக்காங்க. இல்லைன்னு போட்டிரவா?"

மனைவி முந்திக்கொண்டாள். "போடு. அதுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

நாய் வாசல் நடையில் படுத்து எங்கள் பக்கம் காதைத் திருப்பி வைத்திருந்தது. பிரசவத்துக்கு மகள் இங்கேதான் வரப்போகிறாள். இதே தரையில்தான் நடப்பாள், இதே நாயைத்தான் கட்டிப்பிடிப்பாள். அந்தக் காட்சி கண்முன் வந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"இரு பிள்ள. இல்லைன்னு போடாத," என்றேன்.

மனைவி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா கையில இருந்த கட்டு அதுதானா?"

"ஆமா."

"நான் அங்கன வரதுக்கு முன்னாடி சொல்லணும்னு தோணலையாம்மா?"

மனைவி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மகள் உள்ளதை உள்ளபடியே எழுதி அனுப்பினாள். இரண்டொரு நாளில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் என்னை அழைத்தார். எப்போது தொடங்கியது, என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று பள்ளிக்கூடப் பாடம்போல் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா?" என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். தழும்பு இருந்த மணிக்கட்டை மறு கையால் மூடிக்கொண்டிருந்தாள். "சொல்லிருங்க," என்றாள்.

பாலிசியைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். ஆனால் வலிப்புக்கும் அதனால் வருகிற எதற்கும் பொறுப்பில்லை, நாய் யாரையாவது கடித்தால் அதற்கும் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது மனைவி மெதுவாகச் சொன்னாள். "அப்ப அவங்களுக்கும் பயம் வந்துட்டு."

எல்லாம் சொன்ன பிறகும் மகள் பிரசவத்துக்கு வந்தாள். எழுந்து நடக்கவே சிரமப்படும் மாதம். நாயைக் கட்டிப்போட அவள் சம்மதிக்கவில்லை. அது முதல் நாளிலிருந்தே அவள் காலடியை விட்டு நகரவில்லை.

ஒரு காலை அவள் கூடத்தில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். நாய் திடீரென்று தலையைத் தூக்கி வெறும் சுவரை உற்றுப் பார்த்தது. உதட்டை நக்கியது, மறுபடி நக்கியது. இப்படித்தான் தொடங்கும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். அவள் சத்தமில்லாமல் எழுந்து படுக்கை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

வலிப்பு வந்தது, அடங்கியது. நாய் எழுந்து நேராக அந்தக் கதவுக்குப் போனது. கீழிடுக்கில் மூக்கை வைத்து மோந்தது. பிறகு, அதுவரை நாங்கள் கேட்டிராத ஓர் உறுமல். முன்னங்கால்களால் கதவைப் பிறாண்டியது. உள்ளேயிருந்து மகள், குட்டியில் அதைக் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உறுமல் கூடியது.

"பேசாத பிள்ள," என்றேன்.

நாய் என் பக்கம் திரும்பியது. நானும் மனைவியும் அடுக்களை நிலைப்படியில் அசையாமல் நின்றோம். வெளியே சாலையில் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் இரைச்சல். நாய் ஒரு காலைத் தூக்கி எங்களை நோக்கி வைத்தது, நின்றது. பிறகு அதன் உடம்பு தளர்ந்தது. உட்கார்ந்து, தரையில் ஒருமுறை வாலைத் தட்டியது.

"அப்பா, தொறக்கலாமா?"

நான் நாயின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே நாயைக் கடையின் பின்னால் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்கு மாற்றினேன். மகள்தான் மாற்றச் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். சென்னைக்குத் திரும்புமுன் மகள் தனியாகக் கடைக்கு வந்து, நாயின் தலையை வெகுநேரம் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள். குழந்தையைக் கொண்டுவரவில்லை.

இந்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது அவள் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. தானே எழுதிக் கொடுத்துவிட்டாள். மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அப்படியும் வலிப்பு முன்னைவிட அடிக்கடி வருகிறது. கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே அது சுற்றிச் சுற்றி நடப்பது வெளியே நிற்கிற எனக்குக் கேட்கும். கூப்பிட்டுப் பார்ப்பேன். நான் யாரென்று தெரிந்து அது வாலைத் தட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கதவைத் திறப்பேன். இப்போதெல்லாம் அதற்கு ரொம்ப நேரம் ஆகிறது.