மூன்று மணிக்குத் திறந்த வீடு

குமுதா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக் கூட்டம். பெங்களூர்க் குடும்பம் ஒன்று கார்டை நீட்டிக்கொண்டு நின்றது. பரிமாறும் ரேவதி கையில் தட்டோடு கவுன்டருக்கு வந்து, "அக்கா போயிடுச்சாம்டி. காலைல நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருக்காங்க, வழியிலயே முடிஞ்சிடுச்சாம்" என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'அப்படியென்றால் மூன்று மணிக்கு எங்கே போவது?' என்றுதான் மனம் கேட்டது. நெருங்கியவர் இறந்த சேதி கேட்டு யாராவது இப்படி நினைப்பார்களா? ஆனால் ரேவதியின் முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கு இது புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடற்கரையை ஒட்டிய தெருவில், மஞ்சள் சுவரும் வாசலில் காகிதப்பூக் கொடியுமாக இருக்கும் உணவகங்களில் ஒன்றில்தான் எங்களுக்கு வேலை. மதிய வேலை மூன்று மணிக்கு முடியும். இரவு வேலை ஏழு மணிக்குத் தொடங்கும். நடுவில் இருப்பதற்குப் பெயர் பிரேக். அதற்குச் சம்பளம் கிடையாது. அந்த நேரத்தில் வேலையாட்கள் கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது, வாசலில் உட்காரக் கூடாது, யூனிஃபார்மோடு கடற்கரையில் விருந்தினர் கண்ணில் படக் கூடாது. கழிப்பறையையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். எனக்கு வில்லியனூருக்கு அப்பால் கிராமம். பஸ் பிடித்துப் போனால், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். ஓய்வு என்று பெயர் வைத்து ஆளைத் தெருவில் நிறுத்தும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

சேர்ந்த முதல் நாள், கைப்பையை மாட்டிக்கொண்டு தெருமுனையில் வெயிலில் நின்றேன். சமையலறையில் மீன் சுத்தம் செய்யும் அம்மாள் ஒருவர் பின்னால் வந்தார். அவர்தான் குமுதா அக்கா. "இன்னாம்மா, தெருவ அளந்து பாக்கறியா? வா" என்றார். ஏன், எங்கே என்று கேட்கத் தோன்றாமல் பின்னால் நடந்தேன். குருசுக்குப்பத்தில் அவர் வீடு. ஒரு கூடம், ஓரமாக அடுப்பு, பின்னால் கழிப்பறை. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கணவர் காலமாகி வெகு நாளாகியிருந்தது. மகன் மூலக்குளத்தில் தனிக்குடித்தனம். கூடத்தில் ரேவதியும் இன்னும் சில பெண்களும் ஏற்கெனவே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். எனக்கும் ஒரு பாயைத் தள்ளிவிட்டு, அக்கா வாசற்படிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டார். "எவனாவது உள்ள வரணும்னா என்ன மிதிச்சிட்டுதான் வரணும். நீ தூங்கு" என்றார். வேலைக்குச் சேர்ந்த பதற்றமெல்லாம் போய் அப்படியொரு தூக்கம் தூங்கினேன்.

அந்தப் பிரேக் விதியை அவரைப் போல வாயாரத் திட்டியவர்கள் எங்களில் யாரும் இல்லை. "மூணு மணிக்கு நாயாட்டம் தொரத்தறாங்க, ஏழு மணிக்கு ராணியாட்டம் சிரிக்கச் சொல்றாங்க" என்பார். மேலாளருக்கு அவர் வைத்திருந்த பெயர் முசியே, பிரெஞ்சுக்காரர்கள் 'ஐயா' என்பதற்குச் சொல்வது. அவர் நடப்பதையும், கழுத்துப்பட்டையைச் சரிசெய்வதையும் அக்கா நடித்துக் காட்டினால் பாயில் புரண்டு சிரிப்போம். பிறகு ஏழு மணிக்கு அதே முசியேவுக்கு, "வந்துட்டேன் சார்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போவார்.

ஒரு நாள் வேலை கேட்டு ஒரு பெண் வந்தாள். என் கவுன்டருக்குப் பக்கத்தில்தான் பேச்சு நடந்தது. பிரேக் நேரத்தில் எங்கே இருப்பது என்று அவள் கேட்டாள். மேலாளர், "அதப் பத்திக் கவலப்படாதீங்க. லேடீஸ் ஸ்டாஃபுக்குப் பக்கத்துலயே ரெஸ்ட் எடுக்க எடம் இருக்கு" என்றார். எந்த இடத்தைச் சொல்கிறார் என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது திக்கென்றது. அன்று மதியம் அக்காவிடம் சொன்னேன். "அப்ப என் வூட்டையும் ஓட்டல்ல சேத்துட்டாரா முசியே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் கோடையில் நாங்கள் ஒரு முடிவெடுத்தோம். மூன்று மணிக்கு வெளியே போகாமல் சாப்பாட்டுக் கூடத்து நாற்காலிகளிலேயே உட்கார்ந்துவிடுவது. ஓர் அறையும் கழிப்பறையும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது. அவ்வளவுதான். யோசனை என்னுடையது. "நானும் ஒக்காரறேன்டி" என்று அக்காவும் சொல்லியிருந்தார். சொன்னபடி உட்கார்ந்தோம். மேலாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலாளிக்குப் போன் போடக் கைப்பேசியை எடுத்தார். அப்போது அக்கா முந்தானையில் கை துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தார். உட்காரவில்லை. "எழுந்திருங்கடி. காலைலயே சங்கரா மீன் கொழம்பு வச்சிட்டு வந்தேன். நியாயம் நாளைக்கும் இருக்கும், கொழம்பு கெட்டுடும். வாங்கடி" என்றார். ரேவதிதான் முதலில் சிரித்தாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாக நான் எழுந்தேன். மேலாளர் தானே ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

போகும் வழியில், "ஏன்க்கா இப்டிப் பண்ணீங்க? அவரு உங்ககிட்ட எதுனா சொன்னாரா?" என்று கேட்டேன். "வெயில் கொளுத்துது, வேகமா நட" என்றார். குழம்பு அன்று பிரமாதமாக இருந்தது. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மறுபடி அப்படி உட்கார யாருக்கும் மனம் கூடவில்லை.

அவர் அன்று ஏன் அப்படிச் செய்தார்? எங்கள் வேலை போய்விடும் என்று பயந்து எங்களைக் காப்பாற்றினார் என்கிறாள் ரேவதி. இருக்கலாம். மேலாளர் முன்கூட்டியே அவரை மிரட்டியிருக்கலாம். அல்லது, ஓட்டலிலேயே ஓர் அறை கிடைத்துவிட்டால் அவர் வீட்டுக்கு யார் வருவார்கள்? அந்தக் கூடத்தில் ஆள் சத்தம் கேட்டதே எங்கள் பிரேக்கில்தான். ஒரு நாள் ஒன்றை நம்புகிறேன், மறுநாள் இன்னொன்றை. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. அவர் எங்களை வீட்டுக்கு அழைத்துப் போகாமல் இருந்திருந்தால், வெயிலில் காய்ந்து, ஒரே மாதத்தில் நாங்கள் எல்லோரும் சண்டைக்கு நின்றிருப்போம். அவர் கதவைத் திறந்து வைத்ததால் எங்களுக்கு நிழல் கிடைத்தது. ஓட்டலுக்கும் தொல்லை விட்டது. அவர் எங்களுக்கு உதவினாரா, அந்த விதிக்கு உதவினாரா? நினைத்தால் தலை சுற்றுகிறது. இப்படிக் கேட்கிற நான் நன்றிகெட்டவளா என்றும் தெரியவில்லை.

நாங்கள் படுத்து உறங்கிய அதே கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மேலாளர் பெரிய மாலையோடு வந்தார். அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். அக்கா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா எங்க ஸ்டாஃபுக்கு எவ்ளோ செஞ்சிருக்காங்க தெரியுமா தம்பி?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ட என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். "பூட்டித்தான் வைக்கணும் சார்" என்றார் மகன். மேலாளர் திரும்பி எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கமா, கவலையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு விளக்குகளை அணைத்தார்கள். நாங்கள் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டோம். யாரும் எதுவும் பேசி வைக்கவில்லை. ரேவதி நின்றாள், திரும்பி வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு நான். பிறகு எல்லோரும். "கெளம்புங்கம்மா, பூட்டணும்" என்றார் மேலாளர். "எங்க போறது சார்?" என்று ரேவதி கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, தெரியாமல் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பூட்டாமல் போய்விட்டார். விதியை யாரும் மாற்றவில்லை. ஆனால் அன்றிலிருந்து பூட்டுவதில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு நன்றியும் ஒரு கோபமும். ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்கத் தெரியாமல் இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன். அக்கா, இப்போதெல்லாம் மூன்று மணிக்கு நாங்கள் எழுந்திருப்பதில்லை. நீங்கள் வந்து "வாங்கடி" என்று கூப்பிட்டால், நான்தான் முதலில் எழுந்து வருவேன்.