மிதக்கும் பாலமும் முதற் பல்லும்

ஒரு பிள்ளைக்கு ஒரேயொரு தடவை பால் கொடுத்த பெண், அந்தப் பிள்ளைக்கு என்ன முறை? பெரியம்மாவா, சின்னம்மாவா, மாமியா, அல்லது ஒன்றுமே இல்லையா? இந்தக் கேள்வியோடு சில கிழமைகளாக இந்த வீட்டுக்குள் நடந்து திரிகிறேன். விடை தெரியவில்லை. ஊரில் என்றால் வேலியடியில் நின்று ஒரு குரல் கொடுத்திருப்பேன். அடுத்த வளவிலிருந்து யாராவது ஒருவர் பதில் சொல்லியிருப்பார். இங்கே வேலிகள் கள்ளியால் ஆனவை. அந்த வேலிக்கு அப்பால் இருப்பவர்களுக்கு என் கேள்வியே விளங்காது.

நாங்கள் இருக்கும் இடத்துக்குப் பெயர் குராசோ. கரீபியன் கடலில் ஒல்லாந்தர் ஆளும் சிறு தீவு. என் கணவர் சிங்கப்பூரில் ஓர் எண்ணெய்க் கம்பனியில் படம் வரையும் உத்தியோகத்தில் இருந்தார். அவருடைய ஒல்லாந்தத் துரைக்கு இந்தத் தீவுக்கு மாற்றம் வந்தபோது இவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் மகன் இங்கேதான் பிறந்தான். பிரசவத்துக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குப் போவேன் என்று நினைத்திருந்தவள், பாசை தெரியாத தாதிமார் நடுவில் பிள்ளையைப் பெற்றேன். இங்கே எனக்கு இன்னும் பழகாதது, தண்ணீரை வாசலில் விலைக்கு வாங்குவது. கிணற்று நீர் உப்பு. கடல் நீரைக் காய்ச்சி வடித்ததைக் கழுதை வண்டியில் தகரம் தகரமாகக் கொண்டுவருகிறார்கள். எங்கள் ஊர்க் கரவெட்டியில் கிணற்றுத் துலாவை இழுத்து இழுத்து வார்த்துக் குளித்தவள், இங்கே ஒரு சிறு வாளியோடு குளியலறைக்குப் போய், கடைசிக் குவளையைப் பிள்ளையின் துணிக்கென்று மிச்சம் பிடிக்கிறேன். மழை இல்லாத வெளி, முட்செடி, வெள்ளாடு எல்லாம் நமது வடகரை போலவே இருக்கின்றன. அதனால் இன்னும் தனிமையாக இருக்கிறது. முற்றிலும் வேறாக இருந்தால் நான் ஒவ்வொரு நாளும் ஏமாறமாட்டேன்.

கம்பனி உத்தியோகத்தரின் மனைவிமாருக்கு நகரத்தைச் சுற்றிக் காட்ட ஒரு நாள் பயணம் ஒழுங்கு செய்திருந்தார்கள். எனக்குப் போக மனமில்லை. இவர்தான் வற்புறுத்தினார்.

"போட்டு வாருமன். வீட்டுக்கை இருந்து சுவரைப் பாக்கிறதிலும் இது நல்லது தானே."

"கைப்பிள்ளையோடை எப்பிடிப் போறது?"

"அவனையும் கொண்டு போம். அவனும் தான் பிறந்த ஊரைப் பாக்கட்டும்."

மோட்டார் பஸ்ஸில் மூன்று வெள்ளைக்காரப் பெண்களும் நானும் மகனும். வழிகாட்டி, ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஹென்றிக் என்று பெயர். இந்தத் தீவுக்காரர், மண்ணிறம், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மடித்த குடை. மதியச் சாப்பாட்டுக் கூடையோடு பின் ஆசனத்தில் ஒரு கறுப்பின இளம்பெண் இருந்தாள். பெயர் பிலோமினா என்றார்கள். எங்கள் ஊரில் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் கேட்ட பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் அவளை எனக்குத் தெரியும் போலிருந்தது.

முதலில் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மஞ்சட் சுண்ணாம்பு பூசிய தடித்த மதில், உள்ளே ஒரு தேவாலயம், கடலைப் பார்த்த பீரங்கிகள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்களை யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிப்போன நாள் நினைவுக்கு வந்தது. அதே மதில், அதே சிறிய தேவாலயம், அதே வெக்கை. நான் எங்கிருந்து வருகிறேன் என்று ஹென்றிக் கேட்டார். எங்கள் ஊரிலும் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இருக்கிறது என்று சொன்னேன். "அப்படியானால் நாமிருவரும் ஒரே முதலாளியிடம் வேலை செய்தவர்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். பிறகு வெளியே ஒரு வெளியைக் குடையால் காட்டி, அடிமைகளைக் கப்பலால் இறக்கி இப்படியான இடங்களில்தான் விற்றார்கள் என்றார். மற்றப் பெண்கள் தொப்பியைச் சரிசெய்தார்கள். பிலோமினா கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றாள். அவளைப் பார்ப்பதா, விடுவதா என்று தெரியாமல் நான் பிள்ளையின் தொப்பியின் நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

அடுத்து யூதர்களின் கோவில். உள்ளே போனவுடன் நின்றுவிட்டேன். பளபளக்கும் மரவேலை, பித்தளை விளக்குகள், ஆனால் தரை முழுவதும் வெள்ளை மணல். எங்கள் ஊர்க் கோவில் வீதி மணல் போலவே. நான் யோசிக்காமலே செருப்பைக் கழற்றினேன். காவற்காரர் வேண்டாம் என்று கை காட்டினார். அது எனக்கு விளங்கவில்லை; அவருக்கு நான் விளங்கவில்லை. பிள்ளையின் காலை மெல்ல மணலில் வைத்தேன். அவன் விரலை மடக்கி மணலைப் பிடித்தான். அந்த நாளில் எனக்குச் சந்தோசமாக இருந்த நேரம் அதுதான்.

பிறகு துறைமுகத்து மிதக்கும் பாலம். ஓடங்களின் மேல் பலகை அடித்துச் செய்தது. கப்பல் வந்தால் ஒரு முனையை விட்டுவிட்டு, கதவு போல் அப்படியே ஒதுங்கிக்கொள்ளும். பஸ் வெறுமையாகப் பின்னால் வர, எங்களை நடந்து போகச் சொன்னார்கள். சப்பாத்துப் போட்டவருக்குத்தான் அதில் கட்டணம், வெறுங்காலோடு போகிறவருக்கு இல்லை. பிலோமினா சப்பாத்தைக் கழற்றிக் கூடைக்குள் சாப்பாட்டின் மேல் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னே நடந்தாள். "அவள் இதை வாங்கினதே கழற்றுவதற்குத்தான்" என்றார் ஹென்றிக். அவளும் திரும்பி அவருக்கு ஏதோ சொன்னாள். அவர் அதை எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை.

பாலத்தின் மறுகரையில் பஸ் கொஞ்சத் தூரம் ஓடி, எண்ணெய் ஆலைக்குப் பக்கத்தில் வெள்ளை மதில் சூழ்ந்த ஓர் இடத்தில் நின்றது. வாசலுக்கு அப்பால் பெரிய பெரிய கற்கள் தரையோடு படுத்திருந்தன. சிலுவை ஒன்றுமில்லை. கல்லெல்லாம் சித்திரம் செதுக்கியிருந்தது: பாய்க்கப்பல், மரம், மேகத்திலிருந்து நீளும் கை. பழைய கோவில் ஒன்று இடிந்து தூண்கள் விழுந்து கிடக்கின்றன என்றே நினைத்தேன். மணற்கோவிலின் நினைவு இன்னும் மனதில் இருந்தது. வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன். ஒரு கல்லில், கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணும் அவளருகே ஒரு குழந்தையும். பிள்ளை பெற்றவர்களுக்கு அருள் தரும் ஒரு தாய் என்று எண்ணினேன். நல்லதென்று நினைத்து, என் மகனை அந்தச் சித்திரத்தின் பக்கத்தில், அந்தக் கல்லின் மேலேயே இருத்தினேன். அவன் தவழ்ந்து போய் அந்தக் கல் குழந்தையைத் தட்டினான்.

ஹென்றிக் வந்து தொப்பியைக் கழற்றினார். "பாவம், பிரசவத்தில் இறந்தவள். இருவரும் இதற்குக் கீழேதான்" என்றார்.

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. எனக்கு நினைவு தெரிந்த ஒரு நாள், யாருடையதோ செத்தவீட்டுக்குப் போய்ச் சுடலையிலிருந்து வந்த அப்பா வாசற் படலையடியில் நின்றார். நான் ஓடினேன். அம்மா என் பின்னலில் பிடித்து நிறுத்தினா. "கிட்டப் போகாதை. அப்பா முழுகியிட்டு வரட்டும்." அப்பாவும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, என்னைத் தொடாமல் கிணற்றடிக்குப் போனார். ஆங்கிலம் படித்து, விஞ்ஞானப் பாடமும் படித்து, கப்பலேறி வந்த எனக்கு, அந்தக் கல்லிலிருந்து பிள்ளையை வாரி எடுத்தபோது நினைவில் வந்தது அந்தக் கிணற்றடிதான். முழுகாமல் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது. தோசம் பிடிக்கும். இது சரியா பிழையா என்று யோசிக்க அந்த நேரத்தில் எனக்கு முடியவில்லை.

"இங்கே எங்காவது குளிக்கலாமா?" என்று ஹென்றிக்கிடம் கேட்டேன்.

"கடற்குளிப்பு இன்றைய பயணத்தில் இல்லை, அம்மணி" என்றார் மிகவும் மரியாதையாக.

வீடு கோட்டை இருந்த கரையில். பஸ் பாலத்தடிக்கு வந்தபோது பாலம் திறந்திருந்தது. ஓர் எண்ணெய்க் கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது; அதன் பின்னால் இன்னொன்று காத்து நின்றது. மகனுக்குப் பால் நேரம் கடந்துவிட்டது. முதலில் சிணுங்கினான். பிறகு சட்டையைப் பிடித்து இழுத்தான். பிறகு அழத் தொடங்கினான். மூச்சை உள்ளே இழுத்து, சத்தம் வராமல் நின்று, பிறகு வெடிக்கிற அழுகை. எனக்குப் பால் சுரந்து இரவிக்கை நனைந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

"குழந்தைக்குப் பசி" என்றாள் ஒரு வெள்ளைக்காரப் பெண்.

"தெரியும்."

"உங்களிடம் பால் இல்லையா?"

"இருக்கிறது."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்தக் கப்பல் போய்விடும், அடுத்ததும் போய்விடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கப்பல் அசைவதாகவே தெரியவில்லை. மகனுடைய குரல் கம்மத் தொடங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பின் ஆசனத்திலிருந்து பிலோமினா எழுந்து வந்தாள். என் நனைந்த சேலையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டி ஏதோ சொன்னாள். "தன் சகோதரியிடம் ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறாளாம். தன்னிடம் பால் இருக்கிறதாம்" என்றார் ஹென்றிக். கூச்சத்தில் குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் கேட்டது ஒன்றுதான். "இவள் அந்த மதிலுக்குள் வந்தாளா?"

அவர் சிரித்துவிட்டார். "இவளா? பால் கொடுக்கும் காலத்தில் அங்கே கால் வைக்கமாட்டாள். எங்கள் பெண்களுடைய பழைய பயம். பஸ்ஸை விட்டே இறங்கவில்லை."

நான் பிள்ளையை நீட்டினேன். அவள் பறித்தெடுத்தாள் என்று பிறகு வீட்டில் இவரிடம் சொல்லியிருக்கலாம். நீட்டியது நான்.

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி இருந்தாள். அழுகை நின்றது. இரண்டாவது கப்பல் எங்களைக் கடந்து போனபோது அதன் நிழல் பஸ்ஸுக்குள் வந்து போனது. திடீரென்று பிலோமினா "ஆய்" என்று துள்ளினாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். மகனுடைய வாய்க்குள் விரலை விட்டுத் தடவி, "ஜெந்தே, ஜெந்தே" என்று என்னிடம் காட்டினாள். பல். கீழ்ப் பல்முரசில் அரிசி முனை போல் ஒன்று வெட்டியிருந்தது. முழுகாத கையால் தொட மனம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். என் பிள்ளையின் முதற் பல்லை முதலில் தொட்டவள் அவள். முதலில் கடி வாங்கினவளும் அவள்தான்.

வீட்டுக்கு வந்து, இருந்த தண்ணீர் முழுவதையும் எனக்கும் பிள்ளைக்கும் வார்த்தேன். வேலையால் வந்தவர் வெறுந் தகரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன, இண்டைக்குக் கீரிமலைத் தீர்த்தமோ?"

நடந்ததைச் சொன்னேன். கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றியவர், ஒன்றைக் கழற்றி மற்றதைக் கழற்ற மறந்துவிட்டார்.

"சரி, பிள்ளை பசியாறினான் தானே. என்ரை அம்மாவுக்கு உதொண்டும் எழுதாதையும்."

"மாமி கேட்டா?"

"சுன்னாகத்திலை இருக்கிற மனிசிக்கு ஆர் போய்ச் சொல்லுறது?"

"பிறகு ஊருக்குப் போனா என்ரை வாய் சும்மா இராது. சொன்னா, 'அவள் என்ன ஆக்கள், என்ன சாதி' எண்டுதான் முதல் கேப்பா."

"இந்தத் தீவிலை எங்களைப் பாத்தே எல்லாரும் அதைத்தான் கேக்கினம்" என்றார் இவர். "அவளுக்கு ஒரு நல்ல துணி வாங்கிக் குடும். அதோடை முடிஞ்சுது."

முடியவில்லை. சனிக்கிழமைகளில் பிலோமினா வருகிறாள். இடுப்பில் தன் மகள். குசினிப் படியில் இருந்து, என் மகனை மற்ற மடியில் வைத்துக்கொள்கிறாள். "மி யூ" என்கிறாள்; என் பிள்ளை என்று அர்த்தமாம். அவளுடைய குரல் கேட்டால் அவன் கதவை நோக்கித் தவழ்கிறான். இந்தத் தீவில் என் வீட்டுக்குத் தேடி வருகிற ஒரே ஆள் அவள். முதல் நாள் அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க எழுந்தேன். எந்தக் கோப்பையில் கொடுப்பது என்று அலுமாரிக்கு முன்னால் நின்றேன். ஊரில் எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சிரட்டை இருந்தது. அந்தச் சிரட்டையில் நானும் எத்தனையோ முறை வார்த்திருக்கிறேன். அவளுக்கு நல்ல கோப்பையில் கொடுத்தேன். குடித்தபின் கழுவினேன், கழுவி எங்கே வைப்பது என்று மறுபடி நின்றேன். இப்போது அது மற்றவற்றோடு சேராமல் ஜன்னலடியில் தனியே இருக்கிறது. ஒதுக்கி வைத்தேனா, அவளுக்கென்று எடுத்து வைத்தேனா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

இப்போது பல்லுக்கொழுக்கட்டை கொட்ட வேண்டும். முதற் பல் முளைத்த பிள்ளையை இருத்தி, தலையை வெள்ளைத் துணியால் மூடி, மேலிருந்து கொழுக்கட்டையைச் சொரிவது நம் வழக்கம். அக்காவின் பிள்ளைக்குச் செய்தபோது வீடு நிறைய ஆட்கள். கொழுக்கட்டை பொறுக்கக் குழந்தைகள் முட்டிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் கொட்டுகிறவள் மாமி முறைக்காரியாக இருக்க வேண்டும். இங்கே அரிசி கிடைக்கிறது, தேங்காயும் கிடைக்கிறது. மாமி இல்லை.

"நீரே கொட்டும்" என்கிறார் இவர்.

"தாய் கொட்டுறதே?"

"அப்ப நான் கொட்டுறன். மீசையுள்ள மாமி எண்டு நினைச்சுக்கொள்ளும்."

பிலோமினாவைக் கொட்டச் சொல்லலாமா என்று மனம் கேட்கிறது. பால் கொடுத்தவள் என்றால் அவளும் ஒரு தாய்; தாய் கொட்ட முடியாது. மாமி என்று வைத்துக்கொண்டால் அவள் கொட்டலாம். ஆனால் அப்போது அவளுடைய மகள் என் மகனுக்கு மச்சாள். இரண்டு பேரும் ஒரே பாலைக் குடித்திருக்க, அது எப்படிச் சரியாகும்? முறையே இல்லாதவள் என்றால் சிக்கல் ஒன்றும் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லி அவளைப் படியோடு நிறுத்திவிட்டு, உள்ளே நாங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு கொழுக்கட்டை கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதை வாசிக்கும் தாய்மாரே, உங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று நடந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். வடமராட்சியில் ஒரு வழக்கமும் வலிகாமத்தில் இன்னொன்றும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். மலாயாவில் இருக்கிறவர்களும் எழுதுங்கள். அயலாரோடு நீங்கள் என்னைவிடக் கூடப் பழகியிருப்பீர்கள். நான் கேட்டது பைத்தியக்காரக் கேள்வி என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கப்பல் தபால் வந்து சேருமுன் அவனுக்கு வாய் நிறையப் பல் முளைத்துவிடும் என்று இவர் சிரிக்கிறார். இரண்டாவது பல் நேற்றே வெட்டிவிட்டது. வெள்ளைத் துணியைத் தோய்த்து மடித்து, அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எழுதுங்கள்.