குறி தவறும் அர்ச்சுனன்

என் அக்காவைக் கட்டிய இருசப்ப மாமாவை அரைகுறையாகத் தெரிந்தவர்கள் சைக்கிள் கடைக்காரர் என்பார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் அர்ச்சுனன் என்பார்கள். ரொம்பவே தெரிந்தவன் நான். என்னைக் கேட்டால் போண்டா என்பேன்.

செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சித்திரை, வைகாசியில் ஊர் ஊராகப் பாரதக் கூத்தில் அர்ச்சுனன் வேடம் கட்டுவார். கூத்தில் வேடக்காரனே பாடவும் வேண்டும், ஆடவும் வேண்டும். மாமாவுக்கு ஆட்டம் சுமார்தான். குரல் மட்டும் மைக் இல்லாமலே மூன்று வயல் தாண்டிப் போகும். மீதி மாதங்களில் அந்தக் குரலைச் சும்மா வைத்திருக்க அவருக்கு மனசு வராது. பம்பு அடித்தால் பாட்டு, பஞ்சர் ஒட்டினால் விருத்தம். அவசரமாக ஆபீஸ் போகிறவர்கள், மாமா ராகம் இழுக்க ஆரம்பித்தால் தலையில் அடித்துக்கொண்டு நடந்தே போய்விடுவார்கள்.

சைக்கிள்களுக்குக்கூடப் பாரதத்துப் பெயர்தான். செயின் கழன்றுகொண்டே இருப்பது சகுனி. பிரேக் பிடிக்காதது துச்சாதனன். கேட்டவருக்கெல்லாம் கடனுக்குப் போவது கர்ணன். ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. அதற்குப் பாஞ்சாலி என்று பெயின்டில் எழுதினார். என் அக்காவின் பெயர் பாஞ்சாலை. அன்று கடை வாசலில் நடந்ததைப் பார்க்க, ரோட்டில் போகிற பஸ்ஸே நின்றது.

"ஊர்ல கீறவன் எல்லாம் வாடகைக்கு எடுக்குற சைக்கிளுக்கு என் பேராய்யா? அழிக்கிறியா, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போவட்டுமா?"

"பாரதத்துல வர்ற பேருதானடி."

"பாரதத்துல அவளுக்கு அஞ்சு பேரு. எனக்கு நீ ஒருத்தன் வாய்ச்சதே ஜாஸ்தி."

சாயங்காலத்துக்குள் அந்த சைக்கிள் சுபத்திரை ஆகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டு போண்டா, சிலோன் ரேடியோ, மாட்னி ஷோ, இந்த மூன்றும் இருந்தால் அவருக்கு வேறு சொர்க்கம் தேவையில்லை. ரேடியோவில் யார் பாடினாலும் அவர்களைவிடச் சத்தமாகக் கூடவே பாடுவார். பாட்டு முடிந்ததும், "தோத்துட்டான் பாரு" என்பார். மாட்னிக்குப் போனால் பெயர் போடும்போதே தூங்கிவிடுவார். அவர் காசு கொடுத்தது ஃபேனுக்கு. போண்டாவைப் பற்றி ஒருமுறை கேட்டேன்.

"எண்ணெய்ப் பண்டம் தொண்டைக்கு ஆவாதுன்றாங்களே மாமா?"

"செயினுக்கு எண்ணெய் போடாம சைக்கிள் ஓடுமாடா மச்சான்? தொண்டையும் அந்த மாதிரிதான்."

எண்ணெய் தொண்டையில் நிற்கவில்லை. நேராக வயிற்றுக்குப் போனது.

இப்போது அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் வருஷா வருஷம் அர்ச்சுனன் தபசு நடக்கும். மொட்டைப் பனைமரம் ஒன்றை நட்டு, படிக்கு முளை அடித்து, உச்சியில் சின்னதாகப் பரண் கட்டுவார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏற வேண்டும். பாட்டு இல்லாமல் ஒரு படிகூட ஏறக் கூடாது, இறங்கவும் கூடாது. கீழே பிள்ளையில்லாத பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றிப் படுத்திருப்பார்கள். உச்சிக்குப் போனதும் அவர் எலுமிச்சம்பழங்களை வீசுவார். பெண்கள் எழுந்து மடி ஏந்துவார்கள். மேலிருந்து வந்து மடியில் விழுந்த பழத்தைத் தின்றால் பிள்ளை நிச்சயம். கீழே இறங்கிய பிறகு கையில் கொடுக்கிற பழம் வெறும் பழம்தான், சாதத்துக்குப் பிழியலாம்.

என் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா வேலை. ஊரில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் முதல் குளியல் அவள் கையால்தான். கல்யாணமான மறு வருஷத்திலிருந்து அவளும் ஈரப் புடவையோடு அந்த மரத்தடியில் படுத்தாள். மேலே புருஷன், கீழே பெண்டாட்டி. மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை: அந்த உச்சியிலிருந்து தான் வீசும் பழம் ஒன்று தன் பாஞ்சாலை மடியில் விழ வேண்டும்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். மேலே சுழலும் மீனைக் கீழே தண்ணீரில் பார்த்து அடித்தவன் அர்ச்சுனன். எங்கள் அர்ச்சுனனுக்கு, அசையாமல் ஏந்தி நின்ற சொந்தப் பெண்டாட்டியின் மடி தெரியவில்லை. அவளுக்கென்று வீசிய பழம் ஒரு வருஷம் மிருதங்கக்காரர் தலையில் விழுந்தது. ஒரு வருஷம் ஆடு தின்றது. இன்னொரு வருஷம், வேடிக்கை பார்க்க வந்த தனத்தின் மடியில் விழுந்தது. தனத்துக்கு ஏற்கெனவே நாலு பிள்ளைகள். ஐந்தாவது பிறந்ததும் அவள் புருஷன் கடைக்கு வந்து மாமாவைப் பிடிபிடியென்று பிடித்தான். அவனைச் சமாதானப்படுத்தக் கர்ணனை இரண்டு நாள் சும்மா கொடுக்க வேண்டியிருந்தது.

இப்படியே எழுபதுகள் போயின. ஒரு சித்திரையில் அக்கா ஈரப் புடவையைக் கொடியில் போட்டுவிட்டு, "போதும்யா. எனக்கு முதுகு வலிக்குது" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவள் அந்தத் திருவிழாவுக்கே போகவில்லை. மாமா மட்டும் ஏறிக்கொண்டிருந்தார். என்றைக்காவது மனசு மாறி வந்து மடி ஏந்துவாள் என்று நினைத்தார் போல. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் உச்சிக்குப் போனதும் கூட்டத்தில் கண்ணால் துழாவுவார். அதைப் பார்க்கும்போது எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும். சொன்னால் அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் வந்த கோபம் அது.

எண்பத்திரண்டாம் வருஷம் முளை ஒன்று அவர் காலடியில் முறிந்தது. நல்லவேளை, மூன்றாம் படிதான். விழுந்தவரைத் தூக்க ஆறு பேர் வந்தார்கள். மறு வருஷத் திருவிழாவுக்கு முன்னாலேயே ஊர்ப் பெரியவர் இராமலிங்கம் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"இருசப்பா, தப்பா எடுத்துக்காத. உன் பாட்டுக்குக் குறையில்ல. உடம்புதான் ஜாஸ்தியாயிட்டுது. இந்த வருஷம் காசி ஏறட்டும்."

காசி தென்னை மரம் ஏறுகிறவன். அணில் மாதிரி ஏறுவான். பாடினால் லாரி ரிவர்ஸ் எடுப்பது போல இருக்கும்.

மாமாவுக்கு அன்றிலிருந்து போண்டா நின்றது. காலையில் கொள்ளுக் கஞ்சி, ராத்திரி கொள்ளுக் கஞ்சி. உடம்பு இளைக்கவில்லை, குரல்தான் இளைத்தது. கடையில் பாட்டு நின்றதும், பஞ்சர் சீக்கிரம் முடிகிறதே என்று சந்தோஷப்பட வேண்டிய ஜனங்கள், "உடம்புக்கு இன்னா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

இந்த நேரத்தில்தான் ஹில்டா அம்மாள் வந்தார். ஜெர்மனிக்காரர். எங்கள் ஊர் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு அறை எடுத்திருந்தார். தினமும் கர்ணனை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே எங்கேயோ போவார். ஒரு நாள் மாடு மேய்க்கிறவன் ஓடிவந்து, வேர்க்கடலைக் கொல்லையில் வெள்ளைக்காரி பேய் பிடித்துக் கத்துகிறாள் என்றான். மாமா உடனே சகுனியில் ஏறிக் கிளம்பினார். அந்த அம்மாளுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிளுக்காக.

திரும்பி வந்தவர் முகமே மாறியிருந்தது. "கத்தல மச்சான். பாடுது அந்த அம்மா. சுருதி சுத்தம்" என்றார்.

விசாரித்தால், அவர் ஊரில் அந்த அம்மாள் ஆபெரா என்கிற பாட்டு நாடகத்தில் பாடுகிறவராம். வேடம் கட்டி, பாடியே பேசி, பாடியே அழுது, பாடியே சாகிற நாடகம். நம் கூத்துதான், செருப்புப் போட்ட கூத்து. அமைதியைத் தேடித்தான் இங்கே வந்தார். ஆனால் ஒரு நாள் பாடாமல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அறையில் பாடினால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். அதனால்தான் கொல்லை.

மறுநாள் சைக்கிள் எடுக்க வந்தவர் முன்னால் மாமா கையிலிருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டு, தபசு விருத்தம் ஒன்றை எடுத்து விட்டார். பல நாள் அடைபட்டிருந்த குரல். எதிர்க் கடையில் டீ ஆற்றியவர் ஆற்றுவதை நிறுத்தினார். பாட்டு முடிந்ததும் ஹில்டா அம்மாள் நேராக வந்து, நடுரோடு என்றும் பாராமல், மாமாவின் தொந்தியில் இரண்டு விரலை வைத்து அழுத்தி என்னவோ சொன்னார். மாமா வெலவெலத்துப் போய் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கிறவன். என் ஆங்கிலம் எல்லாம் 'தங்கள் கடிதம் கிடைத்தது' வகை. இருந்தாலும் சமாளித்தேன்.

"குரல் இங்கேர்ந்துதான் வருதாம் மாமா. இதைக் கரைச்சுடாதன்றாங்க. அவங்க ஊர்ல பெரிய பாட்டுக்காரங்க பல பேரு உன்ன மாதிரிதானாம்."

"அவங்கள மரம் ஏறச் சொல்ல மாட்டாங்களாமா?"

கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். ஒருமுறை அவருடைய நாடகத்தில் முக்கியமான பாட்டுக்காரர் கால் உடைந்து, ஓரமாக உட்கார்ந்து பாடினாராம். வேறொருவர் மேடையில் வாயசைத்து நடித்தாராம். ஜனங்கள் ஒத்துக்கொண்டார்களாம்.

நான் அன்று சாயங்காலமே பஸ் ஏறி இராமலிங்கத்தைப் பார்க்கப் போனேன். காசி ஏறட்டும், மாமா கீழே நின்று பாடட்டும் என்றேன். சினிமாவில் எல்லோரும் பார்க்கிறதுதானே! ஜெர்மனியிலேயே அப்படித்தான் என்று ஒரு போடு போட்டதும் பெரியவர் யோசித்தார். காசி பாடி அவர் கேட்டிருந்தார். அதனால் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

மாமாவுக்கு இது பாதி சந்தோஷம்தான். பாட்டு கிடைத்தது, உச்சி போய்விட்டது. "இனிமே பழம் என் கையில இல்ல" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தபசு அன்று காலையில், யாரும் கூப்பிடாமலே அக்கா கிளம்பினாள். கையில் சுக்குத் தண்ணீர் ஃபிளாஸ்க். "இந்த மனுசன் யாரும் பாக்காதப்ப மரத்துல ஏறிடும். நான் இருந்தாதான் ஆவும்" என்றாள். மரத்தடிப் பக்கம் அவள் போகவில்லை. ஓரமாகப் பாட்டிகளோடு உட்கார்ந்து, மடியில் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டாள். ஹில்டா அம்மாள் கர்ணனை ஒரு வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாமா காவி கட்டி, இடுப்பைச் சுற்றித் துண்டைத் தடிமனாக முறுக்கிக் கட்டி, மரத்தடியில் நின்று பாடினார். ஏறுகிற மூச்சிரைப்பு இல்லாத பாட்டு. அவர் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. காசி படிப்படியாக ஏறினான். வாயசைக்கச் சொல்லியிருந்ததால் எதையோ மென்றுகொண்டே ஏறினான். உச்சிக்குப் போனான். பழங்களை வீசினான். பெண்கள் எழுந்து மடி ஏந்தினார்கள். ஒரே கூச்சல்.

கடைசிப் பழம் அவன் கையிலிருந்து வழுக்கியது. வீசவே இல்லை, விட்டுவிட்டான். அது மரத்தை ஒட்டினாற்போல நேராக வந்து, தலையை அண்ணாந்து கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த மாமாவின் தொந்தியில் 'தொப்' என்று விழுந்தது. மெலிந்தவனாக இருந்திருந்தால் தரையில் உருண்டிருக்கும். இவருக்கு எங்கே உருளும்? துண்டு முறுக்குக்கும் தொந்திக்கும் நடுவில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "அர்ச்சுனனுக்கே பிள்ள பொறக்கப் போவுதுடா!" என்று ஒருத்தன் கத்தினான். மாமா கண்ணைத் திறந்தார். பழத்தைப் பார்த்தார். பாட்டு பாதியில் நின்றது. சிரிப்பு எதுவும் அவர் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். பழத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, பெண்களைத் தாண்டி, பாட்டிகளைத் தாண்டி நடந்து போனார். அக்காவின் மடியிலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து ஹில்டா அம்மாளிடம் கொடுத்தார். அந்த இடத்தில் பழத்தை வைத்தார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. அக்கா பழத்தைப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்யா, இத்தினி வருஷம் மேல ஏறி ஏறி எறிஞ்சியே. இப்படி நடந்து வந்து குடுத்திருந்தா ஆவாதா?"

மாமாவுக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. மூன்று வயல் தாண்டும் குரல், ஒரு சத்தம் வரவில்லை. அக்காவும் அழுதாள். எதற்கென்றே தெரியாமல் ஹில்டா அம்மாளும் ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்போதுதான் உச்சியிலிருந்து காசியின் குரல் கேட்டது.

"அண்ணே! பாடுண்ணே! பாட்டு இல்லாம எறங்கக் கூடாதுன்றாங்களே, காலு நடுங்குதுண்ணே!"

அவனை இறக்க மாமா பாடிய பாட்டில் பாதி விக்கல்.

கீழே இருந்த ஆள் வாங்கிக் கொடுத்த பழம் செல்லுமா செல்லாதா என்று அந்த ஊரில் ரொம்ப நாள் சண்டை நடந்தது. செல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறக்கவில்லை. முழுப் பழத்தையும் பெண்தான் தின்ன வேண்டும் என்பது முறை. அக்கா அதை இரண்டாக நறுக்கி ஆளுக்குப் பாதியாக வைத்தாள்.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். போண்டா வாசனை, ரேடியோ, கூடவே மாமாவின் பாட்டு. லேடீஸ் சைக்கிள் மட்டும் வரிசையில் இல்லை. தனியாக உள்ளே நின்றது. சுபத்திரையை அழித்துவிட்டுப் பாஞ்சாலை என்று புதுப் பெயின்டில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, 'வாடகைக்கு இல்லை'.

வேலைக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைந்த அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, அதை உருட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

"பேரு எழுதினது இருக்கட்டும்" என்றாள். "பிரேக் பிடிக்குதா, பாத்தியா?"