பதினாறாவது மாடியில் ஒரு ஈரத் துண்டு

இன்று ஞாயிற்றுக்கிழமை. குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டை நாற்காலி மேல் எறிந்தேன். மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, இது சிங்கப்பூருங்களா?"

உங்களுக்குப் புரியாது. சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனி, மூன்று மாதம் இருந்து ஆர்டர் பிடித்து வா என்று என்னை மனைவியோடு சிங்கப்பூர் அனுப்பியது. தங்குவதற்கு சர்வீஸ் அபார்ட்மென்ட். கோயம்புத்தூர் காந்திபுரம் லாட்ஜைத் தாண்டி அறியாத எனக்கு அது புது தினுசு. லாட்ஜும் இல்லை, வீடும் இல்லை. சமையலறை உண்டு, துணி துவைக்க மிஷின் உண்டு. தினமும் ஒருவர் வந்து பெருக்கித் துடைத்து, படுக்கை விரித்துவிட்டுப் போவார். பதினாறாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல் வாசம். மூடினால் ரச வாசம். இரண்டுக்கும் நடுவே ஃபேக்ஸ் காகிதங்களோடு நான்...

பெருக்க வருபவர் மேரியம்மா. மலேசியத் தமிழர், ஐம்பது வயதிருக்கும். பத்து மணிக்கு பெல் அடிப்பார். என் மனைவியோ ஆறு மணிக்கே எழுந்து பெருக்கி, துடைத்து, பாத்ரூம் கழுவி முடித்திருப்பாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"வர்றவங்க பார்த்தா என்ன நெனைப்பாங்க? ஊடு இப்படியா கெடக்கும்னு நெனைக்க மாட்டாங்களா?"

சுத்தம் செய்ய வருபவருக்காகச் சுத்தம் செய்து வைக்கிற ஊர் நம் ஊரைத் தவிர வேறு உண்டா? அபார்ட்மென்ட்காரர்களின் வெள்ளை விரிப்பு அழுக்காகிவிடுமாம். அதன் மேல் நம் சென்னிமலை பெட்ஷீட்டை விரித்துப் படுத்தோம். விடிந்ததும் அது மடிந்து பெட்டிக்குள் போய்விடும். மேரியம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை, காபி குடிப்பது.

மூன்றாவது வாரம் ஒருநாள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். அந்த மாடியைப் பெருக்க எதற்கு இரண்டு பேர், ஒருவர் போதுமே என்று ஆபீஸில் பேச்சாம். வெள்ளிக்கிழமை, பெருக்குவதற்கு முன்பே சூப்பர்வைசர் வீடு வீடாகப் பார்க்க வருகிறாராம்.

"உங்க வீட்டைப் பார்த்தாருன்னா என்னை என் வீட்டுக்கு அனுப்பிடுவாரும்மா. கொஞ்சம் அழுக்குப் பண்ணி வைங்களேன்."

மனைவிக்கு முகம் செத்துவிட்டது. நல்லது செய்வதாக நினைத்து ஒருவர் பிழைப்புக்கே உலை வைத்துவிட்டோமே!

வெள்ளிக்கிழமை காலையில் பாவம், முயன்றுதான் பார்த்தாள். இரண்டு தட்டுகளை சிங்க்கில் போட்டாள் — கழுவிவிட்டு. விரிப்பைக் கசக்கினாள், கை தானாகப் போய் அதை நீவிவிட்டது. கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு வர மாட்டேங்குதுங்க. நீங்களே பண்ணிப்போடுங்க."

இருபது வருடமாக நான் காத்திருந்த வார்த்தை!

ஈரத் துண்டு நாற்காலிக்குப் போனது. செய்தித்தாள் பக்கம் பக்கமாகப் பறந்தது. ஒரு சாக்ஸ் சோபாவில், அதன் ஜோடி... அதற்கே வெளிச்சம். அலை ஒதுக்கிவிட்டுப் போன கரைபோல, வீடெங்கும் நானே கிடந்தேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லையாம்.

சூப்பர்வைசர் வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவே இல்லை. மேரியம்மாவிடம் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொல்லி, என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் இருக்கட்டுமாம். இந்த வீட்டுக்கு மட்டும் இனி தினம் இரண்டு தடவை வர வேண்டுமாம்.

மேரியம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என் ஒழுங்கீனத்துக்கு இந்த உலகம் செய்த ஒரே மரியாதை!

அடுத்தவருக்கு வேலை வைக்காமல் இருப்பதுதான் மரியாதை என்றிருந்தோம். சில இடங்களில், கொஞ்சம் மிச்சம் வைப்பதும் மரியாதைதான் போல.

இதையெல்லாம் இன்று மனைவிக்கு அழகாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க. அப்ப மேரியம்மா வந்து எடுக்கட்டும்."

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.